பூங்கா மண்ணில் கிடைத்த காசு யாருக்குச் சொந்தம்?

ஜகாத்துடைய பாடத்தில் 'ரிகாஸ்' என்றொரு சிறு பகுதி உண்டு. மண்ணில் புதைந்து கிடக்கும் பொருளைப் பற்றிய சட்டங்கள் அதில் அடங்கியுள்ளன. மதரஸாவில் ஓதும் மாணவர்கள் ஒட்டகம், மாடு, ஆடு, தானியம், தங்கம், வெள்ளி என்று கணக்கிட்டுக் களைத்துப் போன பின்னரே அப்பகுதிக்கு வந்து சேருகிறார்கள். 'நமக்கெங்கே புதையல் கிடைக்கப் போகிறது?' என்ற எண்ணத்தில் அதனை விரைவாக ஓதிக் கடந்து விடுவதும் உண்டு. வீடுகளிலோ கேட்கவே வேண்டாம். தொழுகை, நோன்பு, நிகாஹ், தலாக் ஆகியவற்றின் மஸ்அலாக்களை விடாமல் கேட்டறியும் நம் குடும்பங்களில், கண்டெடுத்த பொருளின் சட்டத்தைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

அந்தப் பாடத்தைத் திறந்து பார்க்கும்படியான ஒரு கேள்வி இப்பொழுது நமக்கு வந்திருக்கிறது. கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். விடுமுறை நாட்களில் மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காட்டும் கருவியை எடுத்துக் கொண்டு பார்க்குகளில் நடந்து, கருவி ஒலிக்கும் இடத்தைத் தோண்டி, பழைய காசுகளைச் சேர்த்து வருகிறாராம். சென்ற முறை ஊருக்கு வந்தபோது வெள்ளிக் காசு ஒன்றைத் தாயாரின் கையில் கொடுத்து, "உம்மா, இது எழுநூறு வருஷத்துக் காசு, பத்திரமா வச்சிருங்க" என்று சொல்லிப் போயிருக்கிறார். அந்தத் தாயார் அதை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மனம் நிம்மதியாக இல்லை. இந்தக் காசு நமக்கு ஹலால்தானா? ஹலால் என்றால் ஐந்திலொரு பங்கு கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்படி? காசின் ஒரு புறத்தில் சிலுவை இருக்கிறதே, அது இருக்கும் அறையில் தொழலாமா? இவையே அவர்களுடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லி விடுவோம், அது எளிது. நகத்தளவு மெல்லிய வெள்ளி, ஒரு புறம் முடி தரித்த முகம், மறுபுறம் ஓரம் வரை நீண்ட சிலுவை என்று அவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், 1279-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு அரசர் புதிதாக அடிக்கச் செய்த வெள்ளிப் பென்னியும் அதற்குப் பின்னர் வந்தவைகளும் அவ்வமைப்பு உடையவைதாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய காலத்தில் அரபு நாட்டில் புழங்கிய தங்க தீனார்கள் ரோமபுரி மன்னர்களுடைய காசுகள்; அவற்றில் மன்னருடைய உருவமும் சிலுவை அடையாளமும் இருந்தன. வெள்ளி திர்ஹங்களோ பாரசீக மன்னர்களுடையவை. அவற்றில் நெருப்புக் கோயிலின் பீடமே பொறிக்கப்பட்டிருந்தது. ஸஹாபாப் பெருமக்கள் அக்காசுகளைக் கொண்டுதான் வாங்கினார்கள், விற்றார்கள், ஜகாத்தும் கொடுத்தார்கள். எழுத்து மட்டுமே பொறித்த தீனாரைக் கலீபா அப்துல் மலிக் அடிக்கச் செய்தது ஹிஜ்ரீ 77-ல்தான். ஆகவே, அலமாரிக்குள் ஒரு காசு இருப்பதால் அந்த அறையின் தொழுகைக்கு யாதொரு குறையுமில்லை. அத்தாயார் கலங்க வேண்டியது காசின் மேலுள்ள சிலுவையைப் பற்றியன்று. அக்காசு யாருடையது என்பதைப் பற்றித்தான்.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. கம்பிச் சுருளில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது அதைச் சுற்றி ஒரு காந்தப் புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. டெலிபோனுக்குப் பேர்பெற்ற கிரகாம் பெல், 1881-ல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட இவ்வகைக் கருவி ஒன்றைச் செய்தார், பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைக் கண்டுபிடிக்க அது பயன்பட்டது. போர் முடிந்த பின் பொழுதுபோக்காகி விட்டது. கருவியில் குற்றமில்லை. கத்தியைப் போல, கயிற்றைப் போல, அதுவும் ஒரு சாதனமே.

இனி மார்க்கச் சட்டத்திற்கு வருவோம்.

இரண்டு பெயர்கள், இரண்டு சட்டங்கள்

கண்டெடுக்கும் பொருளை நம் ஃபிக்ஹு நூல்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று 'லுக்தா'; மற்றொன்று 'ரிகாஸ்'.

லுக்தா என்பது, சொந்தக்காரர் ஒருவர் தவற விட்ட பொருள். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் இருக்கிறார் என்பதே அதன் அடிப்படை. ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் பிரபலமான ஹதீஸில், கண்டெடுத்த பணத்தைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக் கொண்டு ஓராண்டு அறிவிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உபை இப்னு கஃபு (ரலி) அவர்களுக்கு நூறு தீனார்கள் உள்ள பையொன்று கிடைத்தபோதும் அதே கட்டளைதான். ஓராண்டு அறிவித்தும் எவரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் எடுத்தவர் அதைத் தமக்காக்கிக் கொள்ளலாம். ஆனால் சொந்தக்காரர் என்றைக்கு வந்தாலும் பொருளையோ ஈட்டையோ கொடுத்தே தீர வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் எடுத்தவர் வசதியுள்ளவரானால் அதைத் தாம் அனுபவிக்காமல் சொந்தக்காரர் பெயரில் ஏழைகளுக்கு ஸதகா செய்து விட வேண்டும்.

ரிகாஸ் என்பது இஸ்லாத்திற்கு முந்திய ஜாஹிலிய்யா மக்கள் புதைத்து வைத்த பொருள். அதிலே ஐந்திலொரு பங்கு கடமை என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் உள்ளது. மீதி நான்கு பங்கு கண்டெடுத்தவருக்கு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி அது தங்கமாகவோ வெள்ளியாகவோ இருந்து, நிஸாபு அளவையும் அடைந்திருக்க வேண்டும். ஆனால் ஓராண்டு கழிய வேண்டியதில்லை. ஹனஃபீ மத்ஹபில் நிஸாபு நிபந்தனை இல்லை.

'ஐந்திலொன்றைக் கொடுத்து விட்டால் மற்றது ஹலால்' என்று பலர் வாயில் வழங்குவது இந்த இரண்டாவது வகையைப் பற்றியே. பழைய காசு என்றாலே அது ரிகாஸ் என்று எண்ணிக் கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. பழமை மட்டும் ஒரு பொருளை ரிகாஸாக்குவதில்லை. அது எந்த இடத்தில் கிடைத்தது என்பதை நம் இமாம்கள் முதலில் கேட்கிறார்கள்.

அம்ரு இப்னு ஷுஐபு அவர்கள் தம் தந்தை வழியாகப் பாட்டனாரிடமிருந்து அறிவிக்கும் ஹதீஸை நோக்குவீர்களாக. பாழிடத்தில் கிடைத்த புதையலைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, மக்கள் குடியிருக்கும் ஊரிலோ நடமாடும் பாதையிலோ கிடைத்திருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்றும், ஆளற்ற பழம்பாழில் கிடைத்திருந்தால் அதிலும் ரிகாஸிலும் ஐந்திலொன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துச் சொன்னதாக அதன் கருத்து. ஒரே மாதிரியான காசு. ஒரே மாதிரியான குடம். பாதையில் கிடைத்தால் ஒரு சட்டம், பாழில் கிடைத்தால் வேறொரு சட்டம்.

ஷாஃபிஈ மத்ஹபின் முக்கியமான கித்தாபாகிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களுடைய மின்ஹாஜில் இது இன்னும் விளக்கமாக வருகிறது. கண்டெடுத்தவர் ரிகாஸுக்குச் சொந்தக்காரராவது, எவருக்கும் உரிமையில்லாத தரிசு நிலத்திலோ, தாமே பண்படுத்தி உயிர்ப்பித்த நிலத்திலோ கிடைத்தால் மட்டுமே. பள்ளிவாசலிலோ பொதுத் தெருவிலோ கிடைத்தால் அது லுக்தா. பிறருடைய நிலத்தில் கிடைத்தால், அந்த நிலத்துக்காரர் தமக்குரியதென்று கோரினால் அவருக்கு. அவர் கோராவிட்டால் அவருக்கு முன்னிருந்தவருக்கு. இப்படியே பின்னோக்கிச் சென்று, அந்த நிலத்தை முதன் முதலில் பண்படுத்தியவரிடம் போய் முடியும். ஹனஃபீ மத்ஹபிலும், பிறர் நிலத்தில் கிடைத்த புதையல் ஆட்சியாளரால் அந்நிலம் முதன் முதலில் ஒதுக்கிக் கொடுக்கப்பட்டவருக்கே சேரும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் சொல். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) மட்டும் கண்டெடுத்தவருக்கு என்கிறார்கள்.

பார்க் எந்த வகை நிலம்?

இப்பொழுது நாம் கேட்க வேண்டியது இதுதான்: பார்க் என்பது தரிசு நிலமா, தெருவா, பிறர் சொத்தா?

தரிசு அல்ல என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். வேலியுண்டு, வாயிலுண்டு, புல் வெட்டுவோரும் காவலரும் உண்டு. அதை நகராட்சி மன்றம் மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது. ஒரு வகையில் அது மன்றத்தின் சொத்து. மற்றொரு வகையில் தெருவைப் போல் எல்லோரும் நடக்கும் பொது இடம். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும், கருவியுடன் வந்தவருக்குச் சொந்தமாகும் மூன்றாவது வழியை நாம் காணவில்லை.

இங்கிலாந்தின் நீதிமன்றமும் இதே கேள்வியை விசாரித்திருக்கிறது. 1992-ல் ஸர்ரே மாவட்டத்திலுள்ள ஃபார்ன்ஹாம் பார்க்கில் ஒருவர் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடி, ஒன்பது அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில், இடைக்காலத்துத் தங்க ஆடைக்குத்தி ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் அதை மறைக்கவில்லை, அதிகாரிகளிடம் அறிவித்தார். அது அக்காலச் சட்டப்படி அரசுக்குச் சேர வேண்டிய புதையல் அல்லவென்று அவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. பூங்காவைப் பராமரிக்கும் வேவர்லி நகராட்சி மன்றம் வழக்குத் தொடுத்தது. முதல் நீதிமன்றத்தில் கண்டெடுத்தவருக்கு வெற்றி. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, மண்ணுக்குள் இருந்த பொருளுக்கு நிலத்துக்காரரின் உரிமையே மேலானது என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன காரணம் கவனிக்கத் தக்கது. உலாவவும் விளையாடவும் மக்களுக்குப் பூங்காவில் அனுமதியுண்டு. தோண்டுவது அந்த அனுமதியில் அடங்காது. தோண்டியவுடனேயே அவர் அத்துமீறியவராகிறார் என்பதே அதன் சாரம்.

நம் நூல்களில் தெருவைப் பற்றிய பாடத்தில் இதே கருத்தைக் காணலாம். தெருவில் ஒவ்வொருவருக்கும் இருப்பது நடக்கும் உரிமை. தன் நன்மைக்காகத் தெருவில் ஒருவன் குழி தோண்டி, அதில் பிறரொருவர் விழுந்து விட்டால், தோண்டியவன் ஈடு கொடுக்கக் கடமைப்படுகிறான். பூங்காவில் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாமல் போனால், மறுநாள் ஓடி விளையாடும் குழந்தையின் கால் அதில் மடங்கும். காசு யாருக்கு என்ற கேள்விக்கு முன்னாலேயே, தோண்டியது ஆகுமா என்ற கேள்வி நிற்கிறது.

மண்ணின் மேல் கிடப்பதற்கு அந்த நாட்டுச் சட்டம் வேறு. விமான நிலையத்தின் தங்கும் அறையில் தரையில் கிடந்த தங்கக் காப்பு ஒன்றைக் கண்டெடுத்த பிரயாணிக்கும் விமான நிறுவனத்திற்கும் இடையே நடந்த வழக்கில், உரியவர் வராததால் கண்டெடுத்தவருக்கே அதன் மேல் உரிமை அதிகம் என்று 1982-ல் தீர்ப்பாயிற்று. நமது ஷரீஅத்திலோ இந்த இரண்டு பேருடைய சண்டையே பெரிதன்று. காப்பைத் தொலைத்த மூன்றாமவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைத் தேடுவதுதான் லுக்தாவின் பாடம் முழுவதும். இந்த விஷயத்தில் நீதிமன்றத்தின் கேள்வியை விட நம் ஃபுகஹாக்களின் கேள்வி ஆழமானது என்பது நம் எண்ணம்.

அந்நாட்டில் அரசுக்குரிய ராயல் பார்க்குகளில் இக்கருவியைக் கொண்டு தேடுவதற்கே தடையுண்டு. மற்றப் பூங்காக்களில் அவற்றைப் பராமரிக்கும் மன்றத்தின் அனுமதி வேண்டும். தேம்ஸ் நதிக்கரையில் தேடுவதற்குக் கூட லண்டன் துறைமுக அதிகார சபையின் உரிமம் பெற வேண்டும். 'அது அவர்கள் சட்டம். நமக்கு ஷரீஅத்து போதும்' என்று சிலர் சொல்லக் கூடும். அப்படிச் சொல்வோர் ஷரீஅத்தையே சரியாகப் பார்க்கவில்லை. முஸ்லிமல்லாதாரின் நாட்டிற்கு அனுமதி பெற்று நுழைந்த ஒரு முஸ்லிம், அங்கே ஒருவருடைய வீட்டில் புதையலைக் கண்டால் அதை அந்த வீட்டாரிடமே கொடுத்து விட வேண்டும் என்று ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயா நூல் கூறுகிறது. காரணம், அவர் வாக்குக் கொடுத்து நுழைந்தவர். வாக்குக்குத் துரோகம் செய்வது ஆகாது. இன்றைய விஸாவும் அத்தகைய ஒரு வாக்குதான்.

காசின் எழுத்தும் ஒரு சிக்கலும்

காசின் முத்திரையைப் பார்த்தே அது எந்த வகை என்று முடிவு செய்யலாமே என்று கேட்கலாம். நம் நூல்களில் அப்படியும் ஓர் அளவுகோல் இருக்கிறது. குர்ஆன் ஆயத்தோ முஸ்லிம் மன்னரின் பெயரோ பொறித்திருந்தால் அது லுக்தா. ஜாஹிலிய்யாவின் அடையாளம் இருந்தால் ரிகாஸ். எதுவும் தெரியாவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொல்லின்படி லுக்தா.

ஆயினும் அடித்தவர் யார் என்பது வேறு, புதைத்தவர் யார் என்பது வேறு என்றும் விரிவுரையாளர்கள் எச்சரித்துள்ளார்கள். இதற்கு இங்கிலாந்திலேயே வியப்பான சான்றுகள் உண்டு. 2007 ஜனவரியில் யார்க்ஷயரில் ஹாரோகேட் நகருக்கருகே ஒரு தந்தையும் மகனும் இக்கருவி கொண்டு கண்ட வெள்ளிப் பாத்திரத்தில் 617 வெள்ளிக் காசுகள் இருந்தன. ஏறக்குறைய 927-ஆம் ஆண்டு வாக்கில் வைக்கிங்குகள் காலத்தில் புதைக்கப்பட்டவை அவை. அவற்றுக்கிடையே கலிமா பொறித்த திர்ஹங்களும் இருந்தன. சமர்கந்துப் பக்கத்திலிருந்து வணிகர் கைகள் பல மாறி அவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கின்றன! இதைவிட விசித்திரம், எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட ஓஃபா என்னும் கிறிஸ்தவ அரசர், கலீபா மன்ஸூர் அவர்களுடைய ஹிஜ்ரீ 157-ஆம் ஆண்டு தீனாரைப் பார்த்து அப்படியே அடித்த தங்கக் காசு. அதில் கலிமாவும் இருக்கிறது. நடுவில் தலைகீழாக அவ்வரசரின் பெயரும் இருக்கிறது. அரபி தெரியாதவர்கள் பார்த்தெழுதிய பிழைகளும் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைக் காணலாம். கலிமா இருக்கிறதென்று அதை முஸ்லிமின் பொருள் என்பதா? சிலுவை இருக்கிறதென்று எட்வர்டின் பென்னியை ஜாஹிலிய்யாவின் புதையல் என்பதா? ஹிஜ்ரத்திற்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் அடித்த காசு அது! யாரோ ஒருவருடைய மடியிலிருந்து நழுவி விழுந்ததேயன்றி, எவரும் புதைத்து வைத்ததாகவும் தோன்றவில்லை. எப்படிப் பார்த்தாலும் அந்தத் தாயாரிடமுள்ள காசு ரிகாஸ் ஆகாது. ஆகவே ஐந்திலொன்று என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அப்படியானால் லுக்தாவின் சட்டப்படி ஓராண்டு அறிவிக்க வேண்டுமா? எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரை எந்தப் பள்ளிவாசல் வாயிலில் நின்று கூப்பிடுவது? சொந்தக்காரரைக் காண்பதில் நம்பிக்கையே அற்றுப் போன பொருளை நம் ஃபுகஹாக்கள் 'மால் ளாயிஃ' என்பார்கள். அது பொதுப் பொறுப்பாளரிடம், அதாவது பைத்துல்மாலின் பொறுப்பில் சேர வேண்டியது. நிலத்தின் பொறுப்பு நகராட்சி மன்றத்திடம் இருக்கிறது. நாட்டுச் சட்டமும் அவர்களிடமே காசைச் சேர்க்கிறது. எனவே இரண்டு வழியிலும் பதில் ஒன்றே: மகன் அந்தக் காசையும், அதே முறையில் எடுத்த மற்றவைகளையும் அந்தந்தப் பூங்காவின் மன்றத்தாரிடம், கிடைத்த இடத்தைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர்கள் 'நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்' என்று மனமுவந்து சொன்னால் அது அவர்கள் கொடுத்ததாகும். அவர்கள் சொல்லாதவரை அது அமானிதம். அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்து விடுவதும் சரியன்று; கேட்டு ஒப்படைக்க ஆளிருக்கும்போது ஸதகா செய்யும் உரிமை நமக்கில்லை.

தாயார் செய்ய வேண்டியது, காசைக் காகிதத்தில் சுற்றி, பளபளப்பாகத் தேய்க்காமல், மகனிடம் திரும்ப ஒப்படைப்பது. பிரிட்டனின் மண்ணிலிருந்து எடுத்த, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பொருளை அந்த நாட்டை விட்டு வெளியே கொண்டு வர உரிமம் பெற வேண்டும் என்று சட்டமிருப்பதும் மகனுக்குத் தெரிய வேண்டும்.

பையும் கயிறும்

லுக்தாவின் ஹதீஸில் பையையும் கயிற்றையும் அறிந்து வைக்கச் சொன்னதை மேலே கண்டோம். பொருளை விட்டு விட்டு அதன் உறையை ஏன் கவனிக்கச் சொன்னார்கள்? உரியவர் வந்து அடையாளம் சொல்லும்போது உண்மை தெரிவதற்காக. பொருள் யாருடையது என்பதைப் பொருளைவிட அதன் சுற்றுப்புறமே அதிகம் பேசும்.

1992 நவம்பர் 16-ல் ஸஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் கிராமத்தில், விவசாயி ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுப்பதற்காக எரிக் லாஸ் என்பவர் தம் டிடெக்டரை எடுத்துச் சென்றார். சுத்தியலுக்கு முன் ரோமர் காலத்துத் தங்கக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வெளிப்பட்டன. சிறிது தோண்டியதும் அவர் நிறுத்திக் கொண்டார். நிலத்துக்குரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஆளனுப்பினார். வல்லுநர்கள் வந்து மண்ணோடு மண்ணாக எடுத்ததால், அவை ஒரு மரப் பெட்டிக்குள் சிறு பெட்டிகளாக அடுக்கி, வெள்ளிப் பூட்டுக்களிட்டு வைக்கப்பட்டிருந்தன என்பது வரை தெரிய வந்தது. 14,865 காசுகள்! பதினேழரை லட்சம் பவுன் வெகுமதியாகக் கிடைத்தது. அவர் அதை அந்த விவசாயியோடு பங்கிட்டுக் கொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர் முஸ்லிமல்லர். ஆனால் பையையும் கயிற்றையும் கலைக்காமல் காத்தவர்.

இதற்கு நேர்மாறாக, 2015-ல் ஹெரஃபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங் காலத்துப் பொருள்களையும் ஏறக்குறைய முந்நூறு காசுகளையும் கண்டெடுத்து, நிலத்துக்காரருக்கும் சொல்லாமல், அதிகாரிகளுக்கும் சொல்லாமல் பல கைகளில் விற்று விட்டார்கள். மீண்டு கிடைத்தவை ஒரு பகுதியே. 2019-ல் ஒருவருக்குப் பத்தாண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. முறையாக அறிவித்திருந்தால் நிலத்துக்காரரோடு சேர்ந்து பெரும் வெகுமதி பெற்றிருப்பார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் 1997 முதல் அமலிலிருக்கும் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, ஒரே இடத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தங்க வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால், பதினான்கு நாட்களுக்குள் கொரோனர் என்னும் அதிகாரிக்கு அறிவிப்பது கட்டாயம். 2023-ல் இச்சட்டம் மேலும் விரிவாக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் சட்டம் இன்னும் கடுமையானது. ஒற்றைக் காசு பொதுவாக இந்தக் கட்டாயத்தில் வராது. அதனால் அது எடுத்தவருக்குச் சொந்தம் என்று பொருளல்ல, நிலத்துக்காரரின் உரிமை அப்படியே நிற்கிறது. சட்டப்படி கிடைக்கும் வெகுமதி ஹலாலே. அதில் ஐந்திலொன்று என்ற கடமை இல்லை. மற்றப் பணத்தைப் போல் ஓராண்டு தங்கி நிஸாபும் நிறைந்தால் ஜகாத்து உண்டு.

இந்தப் பொழுதுபோக்கு அறவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. விவசாயியிடம் அனுமதி பெற்று, கிடைப்பதில் பாதிப் பாதி என்று முன்கூட்டியே எழுதிக் கொண்டு அவருடைய வயலில் தேடுவோர் பலர் இருக்கிறார்கள். அவர் மனமுவந்து விட்டுக் கொடுக்கும் பங்கு ஆகுமானது. ஜும்ஆவையும் வக்துத் தொழுகையையும் விட்டு விட்டுப் புல்வெளியில் அலைவதுதான் ஆகாது.

பார்க்கில் அனுமதியோடு தேடும்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பழங்காசுகள் அல்ல. நேற்று விழுந்த சில்லறையும், சாவியும், சில வேளை மோதிரமும்தான். ஒரு பென்ஸ் நாணயத்தை எவரும் தேடி வரமாட்டார்கள். அதற்கு ஓராண்டு அறிவிப்பு வேண்டியதில்லை. பாதையில் கிடந்த ஒரு பேரீச்சம் பழத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது ஸதகாவுடையதாக இருக்குமோ என்ற அச்சமில்லாவிட்டால் உண்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னதை வைத்தே சொற்பப் பொருளின் சட்டம் எடுக்கப்பட்டது. மோதிரம் அப்படியன்று. திருமண மோதிரத்தை இழந்தவர் பத்தாண்டு கழித்தும் தேடுவார். அதைப் பூங்கா அலுவலகத்தில் கொடுத்து, கிடைத்த நாளையும் இடத்தையும் எழுதி வைத்து, உள்ளே எழுதியிருக்கும் பெயரை மட்டும் வெளியில் சொல்லாமல் அறிவிக்க வேண்டும். பெயரைச் சொல்லி விட்டால் எவரும் வந்து 'என்னுடையது' என்று சொல்லலாமல்லவா?

நம் நாட்டில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது குடம் கிடைத்தாலும் இதுதான் சட்டம். கிணறு தோண்டுவோரும் அறிய வேண்டியது.

இனி, வீட்டிலிருப்போர் அடிக்கடி சந்திப்பது ஒன்றுண்டு. குழந்தைகள் தெருவிலோ பள்ளிக்கூடத்திலோ எதையாவது கண்டெடுத்து வருவார்கள். குழந்தை எடுத்த லுக்தாவை அதன் பொறுப்பாளர் வாங்கி வைத்து, அவரே அறிவிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தெளிவான சட்டம். 'பிள்ளை எடுத்தது, பிள்ளைக்கே இருக்கட்டும்' என்று விட்டு விடக் கூடாது. அடித்துப் பிடுங்கவும் கூடாது. எங்கே எடுத்தாய் என்று கேட்டு, அந்த இடத்திற்கே குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு போய் விசாரிக்க வேண்டும். பொறுப்பாளர் கவனக்குறைவாகக் குழந்தையின் கையிலேயே விட்டு, அது தொலைந்து போனால், ஈடு குழந்தையின் மேலன்று, பொறுப்பாளர் மேல்தான்.

அல்லாஹு அஃலம்.